பொட்டிக்கு வாக்கப்பட்டவன்

எங்கள் கம்பெனிக்கு வந்து ராபின் எங்கே என்று கேட்டால், எந்த ராபின் என்பார்கள். பொட்டி ராபின் என்றால் வாட்ச்மேனே உள்ளே கூட்டிக்கொண்டு போய் விடுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கும் ரயில் பெட்டிக்கும் ஸ்பிரிங் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் கல்பனா, செய்து வருகிற ஸ்பிரிங்கை அளந்து பார்த்து பாஸ் போடுவது என் வேலை. ராபின் எனக்கு உறவு ஒன்றும் கிடையாது. பொன்னேரியில் ஒரே ரயில் ஏறுகிற பழக்கத்தில் அக்கா என்பான், நானும் உரிமையோடு திட்டுவேன். இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில்கூட அவன்மேல் எனக்குக் கோபம்தான்.

பொட்டி என்பது ஒரு கம்ப்யூட்டர். முதலாளி வீரராகவன் வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் இறக்கிய ஸ்பிரிங் சுற்றும் மெஷினோடு வந்தது. மெஷினுக்கு யானை பலம். ஆனால் அந்தப் பொட்டி சொன்னால்தான் அசையும். அதில் ஓடுவது விண்டோஸ் இல்லை. இன்ஜினியரிங் படித்த பையன்கள் பேர்கூடக் கேள்விப்படாத ஏதோ ஒரு சிஸ்டம். மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வரி வரியாக டைப் அடிக்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் எதை முதலில் அடிப்பது, எதைப் பிறகு அடிப்பது என்று ஒரு முறை இருக்கிறது. மாற்றி அடித்தால் மெஷின் கம்பியைக் கடித்துத் துப்பிவிடும். மெஷினைப் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர் இங்கே இருந்த நாட்களில் எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். ராபின் மட்டும் போகாமல் அவர் பக்கத்திலேயே நின்றான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவன் வாழ்க்கை அவன் கையில் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாதிப் பாட்டில் போன் வரும். ஜுரம் என்று படுத்தால் ஆட்டோ அனுப்புவார்கள். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அவன் கல்யாண ரிசப்ஷன் மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவனைப் பொட்டி நின்றுபோச்சு என்று கூப்பிட்டார்கள். இந்த மகாராசனும் கோட்டு சூட்டோடு கிளம்பிப் போனான். கல்யாணப் பொண்ணு ஷைனி பாவம், தனியாக நின்று போட்டோவுக்குச் சிரித்தாள். யாருக்கு யார் வாக்கப்பட்டது என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துபோனது.

ஷைனி நர்ஸ். அவளுக்கு ஓசூரில் அரசாங்க வேலை கிடைத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். இவன் பின்னாடியே வருவதாகப் பேச்சு. வருஷம்தான் ஓடியது. மகள் மோனிகாவுக்கு இப்போது நாலு வயது. போன தடவை இவன் போய் கதவைத் தட்டினால், "மம்மி, ஒரு அங்கிள் வந்துக்கிறாரு" என்று உள்ளே ஓடினாளாம். ரயிலில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்புறம் கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டான்.

இந்த வருஷம் ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் அவனை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும், ரிலீவிங் லெட்டர் கையில் இருக்க வேண்டும். முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் பெரிய சிக்கல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பான்.

"உன் எடத்துல ஒருத்தன பழக்கி வுட்டுட்டு தாராளமா போப்பா. நானா வேணாங்கிறேன்?" என்றார்.

யார் பழகுவார்கள்? அவன் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். சூப்பர்வைசர் அருணாச்சலம் தனக்குக் கண் மங்கல் என்றார்; கிரிக்கெட் ஸ்கோரை மட்டும் அந்தக் கோடியிலிருந்து படிப்பார். புதுப் பையன்கள் இங்கிலீஷ் வராது என்றார்கள். என்னைக் கேட்டபோது பெரிய கும்பிடாகப் போட்டேன்.

"எக்கா, நீயாவது கத்துக்கயேன். ஈஸிதான்க்கா."

"ஈஸியா கீதுன்னுதானே நீ மாட்டிக்கினு கீற? போடா அந்தாண்ட."

அப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் தெரியும்தானே. ஆணி அடிக்கிற சுத்தியல் வரைக்கும் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழுக்க எதையும் ஓட்டாமல் விடுவோம். மற்ற வருஷமெல்லாம் ராபின் பொட்டிக்கு பிளாஸ்டிக் கவர் மாட்டி, பக்கத்திலேயே காவல் நிற்பான். இந்த முறை மெஷின் ஓடாத நாள்தானே என்று ஓசூருக்குப் போய்விட்டான். அருணாச்சலத்துக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற பொட்டியே அழுக்காக உட்கார்ந்திருக்கிறதே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். காற்றுப் போகிற ஓட்டைகளின்மேல் பட்டை பட்டையாகச் சந்தனம் அப்பினார். கடைசியில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை எடுத்துப் பக்தியோடு தெளித்தார். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. அவ்வளவுதான், பொட்டி போய்ச் சேர்ந்தது.

போனில் நான்தான் ராபினுக்குச் சொன்னேன்.

"நெசமாவாக்கா?"

"கற்பூரம் காட்டியே அனுப்பி வெச்சிட்டாருடா."

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

முதலாளியும் சொன்ன சொல் மாறவில்லை. பொட்டியே இல்லாதபோது உன்னைப் பிடித்து வைத்து என்ன செய்ய என்று லெட்டரை டைப் பண்ணச் சொன்னார். ராபின் துணிமணிகளை மூட்டை கட்டினான். ஷைனி ஓசூரில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் முதலாளியின் மருமகன் நெட்டில் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளிநாட்டில் அந்த சிஸ்டத்தின்மேல் பைத்தியமாக இருக்கிற நாலு பேர் சேர்ந்து, அதற்கென்றே சின்னதாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் செய்து விற்கிறார்களாம். எந்தப் பைத்தியத்துக்கும் ஒரு கூட்டம் இருக்கும்போல! மாதக் கடைசி நாள் அது கூரியரில் வந்து இறங்கியது.

"இன்னாபா இது, ஸ்வீட் டப்பா கணக்கா கீது!" என்றார் அருணாச்சலம்.

முதலாளி கையில் லெட்டரோடு வந்தார். "ராபின், ஒரே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாரு. ஓடலன்னா இங்கயே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன், நீ கிளம்பு."

ராபின் பழைய பொட்டியில் தப்பிப் பிழைத்த டிஸ்க்கைக் கழற்றி இதில் மாட்டினான். திரையில் ஏதோ எழுத்து ஓடி, பாதியில் நின்றது. மறுபடி போட்டான், மறுபடி நின்றது. நான் உள்ளுக்குள் எல்லா சாமியையும் கும்பிட்டேன், அவன் சாமியையும் சேர்த்து. முதலாளி பெருமூச்சு விட்டார்.

"சரி வுடுப்பா, நம்ம ராசி இவ்ளோதான்." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். ராபின். திரையில் கடைசியாக நின்றிருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பசியோடு இருக்கிறவன் சோற்றைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "ஐயோ, இது டிஸ்க்க வேற பேருல தேடிக்கினு கீதுப்பா" என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். விரல்கள் ஓடின. ஒரு வரி, இன்னொரு வரி, பிறகு எண்டர்.

மெஷின் உறுமியது. கம்பி உள்ளே போய் வளைந்து, முதல் ஸ்பிரிங் தொட்டியில் வந்து விழுந்தது. கம்பெனியே கைதட்டியது. ராபின் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். "ஓடிச்சு! எக்கா, ஓடிச்சு பாத்தியா!"

முதலாளி அவனைக் கட்டிப் பிடித்தார். பிடித்த கையாலேயே லெட்டரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதைப் பார்த்தபிறகுதான் ராபினின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

அளப்பதற்கு அந்த ஸ்பிரிங் என் டேபிளுக்கு வந்தது. மயிரிழை தப்பில்லை. நான் அவனை டேபிள் ஓரமாக இழுத்துப் போனேன்.

"ஏண்டா பாவி, ஓடலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பியேடா! இங்க எவனுக்குத் தெரியும்?"

"தெரில்லக்கா." அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "சின்ன தப்புதான்க்கா. கண்ணு முன்னாடியே கீது. சும்மா வுட முடியல."

எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவன் போன் அடித்தது. ஷைனி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு போனை என் டேபிள்மேல் வைத்தான்.

"கிளம்பியாச்சா? லெட்டர் குடுத்துட்டாங்களா?"

"புதுப் பொட்டி வந்துச்சு ஷைனி. ஓடல. நாந்தான்... சரி பண்ணேன்."

பின்னால் மோனிகா ஏதோ பாடுவது கேட்டது. ஷைனி கேட்டாள், கோபமே இல்லாத குரலில்.

"நல்லா ஓடுதா?"

"சூப்பரா ஓடுது" என்றான் ராபின்.

அவள் போனை வைத்தாள்.