எலியாஸ் சார் வீட்டு மஞ்சள் துணி

போன வாரம் டோல்கேட்டிலிருந்து எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் அந்த நெடி. மூக்கில் ஏறி, கண்ணைக் கரித்து, நெஞ்சைப் பிடிக்கிற நெடி. பக்கத்திலிருந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டெய்லி கீறதுதான்க்கா, பேஜாராவாதே" என்றார் டிரைவர். நான் ஏற்கெனவே பேஜாராகி, மூக்கைப் பொத்த, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து முந்தானையை நனைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெண்ணின் கைப்பையும் நனைந்துவிட்டது. முறைத்தாள்.

இந்தப் பயத்தை என்னிடம் ஒட்டவைத்துவிட்டுப் போனவர் எலியாஸ் சார். எண்ணூரில் உரம் செய்யும் ஆலை ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது, அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் விஞ்ஞானி. கொச்சியிலிருந்து வந்த யூதர். திருவொற்றியூரில் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். யூதர் என்றால் யாரென்று எங்கள் தெருவுக்குத் தெரியாது. பெயரை வைத்து வேதக்காரர், கிறிஸ்தவர் என்று முடிவுகட்டிவிட்டார்கள். "ஞாயித்துக்கெயம கோயிலுக்கே போவாத இவுரு இன்னா வேதக்காரரு?" என்று மீன் விற்கும் முனியம்மா மட்டும் சந்தேகப்படுவாள்.

சாருக்கு வீடுதான் உலகம். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுக்கு ஒரு லைன் கொடும்மா" என்பார். மனைவி ரேச்சல் அக்கா சாப்பிட்டாளா, பெரியவள் ஸ்கூலுக்கு அழாமல் போனாளா, இவ்வளவுதான் பேச்சு. ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எந்த ஆபரேட்டர் மதித்தாள்?

வீட்டைப் பற்றிய கவலையும் அவருக்கு அதே அளவு. ஆலையில் அமோனியாத் தொட்டிகள் இருந்தன. வடக்கேயிருந்து காற்றடிக்கும் நேரத்தில் கசிந்தால், தெற்கே இருக்கிற எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதனால் அக்காவின் பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து மொட்டை மாடியில் ஒரு கம்பத்தில் கட்டினார். காற்றின் திசை பார்க்க. "வாசனை வந்தா முதல்ல துணியைப் பாரு. அது பறக்கிற பக்கம் ஓடாதே, குறுக்கே போ" என்று அக்காவுக்கு மனப்பாடமே செய்துவைத்தார்.

அந்த வருஷமே, பெரியவள் பிறந்து பல வருஷம் கழித்து, அவர்களுக்கு இரண்டாவது பெண் பிறந்தது. முனியம்மா சுறாப்புட்டு செய்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "துண்ணு கண்ணு, பால் நல்லா ஊறும்." சுறா மாதிரி செதில் இல்லாத மீனை அவர்கள் மதப்படி தொடக் கூடாது. அக்கா சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தப் புட்டு எங்கே போயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். முனியம்மா அடுத்த புட்டோடு வரும்வரை எனக்குப் பொழுது போகாது, அவ்வளவுதான் சொல்வேன்.

குழந்தை வந்தது எதனால் என்று முனியம்மா கண்டுபிடித்துவிட்டாள். "மாடில மஞ்ச துணி கட்டுனாரு பாரு, அந்த வேண்டுதல்தான்!" அப்புறம் கேட்கவா வேண்டும்? பிள்ளை இல்லாதவர்கள் ஒவ்வொருவராக மாடியேறி அந்தக் கம்பத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். வேண்டாமென்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. சார் ஒன்றிரண்டு கயிற்றைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

ஓர் ஆடி மாதக் காலையில் அமோனியாத் தொட்டி கசிந்து, ஆலையில் அபாயச் சங்கு ஊதியது. என் டெலிபோன் போர்டு முழுக்க விளக்குகள் எரிந்தன. அதில் ஒன்று சார். "வீட்டுக்கு லைன் கொடு. சீக்கிரம்." புகைபோக்கிகளுக்கு நடுவே காற்று சுற்றிச் சுற்றி அடித்ததால் உள்ளே நின்று திசை சொல்ல முடியவில்லை. அக்கா மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "துணி அசையவே இல்லைங்க."

சார் தனக்குள் முணுமுணுப்பது கேட்டது. காற்றே இல்லையென்றால் கதவடைத்து வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா? எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும் சார், துணி எப்டி பறக்காம கீது?"

அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. "ஐயோ, போன வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்து துணி மேலயே கயிறு கட்டினாங்க. தொட்டில் பொம்மைகூடத் தொங்குது. இருங்க, கொடியில தலையணை உறை காயுது, பாத்துட்டு வரேன்." கைக்குழந்தை வீறிட்டு அழுவது போனில் கேட்டது. அவள் திரும்பி வருவதற்குள் என் ஜாக்கெட் முதுகு நனைந்துவிட்டது. "கடல் பக்கம் பறக்குதுங்க. நல்லா வேகமா."

"அப்பாடா" என்றார் சார்.

நான் லைனைத் துண்டிக்கப் போனேன். அப்போது வேறு யாரோ பேசுவது போலச் சாரின் குரல் வந்தது. "கடலுக்கு முன்னாடி குப்பம் இருக்கேம்மா."

அந்த மீனவர் குப்பத்தில் ரேஷன் கடையில் மட்டும்தான் போன். அடித்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ள, சார் ஈரச் சாக்குகளை ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். ஆண்கள் கடலுக்குப் போயிருந்த நேரம். பெண்களையும் பிள்ளைகளையும் கரையோரமாகத் தெற்கே ஓட்டிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம். உயிர்ச்சேதம் இல்லை. சாரின் தொண்டைதான் போயிற்று. அதற்குப் பிறகு மதிய போனில் அவர் குரல் கரகரவென்றுதான் கேட்கும்.

விஷயம் தெரிந்து தெருப் பெண்கள் அழுதுகொண்டே கயிறுகளை அவிழ்க்க வந்தார்கள். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எம் புத்திய செருப்பால அடிக்கணும் சார்." சார் தடுத்துவிட்டார். "அது உங்க வேண்டுதல், இருக்கட்டும். காத்துக்கு வேற கம்பம் நட்டுக்கறேன்." அன்றிலிருந்து அந்த மாடியில் இரண்டு கம்பங்கள்.

பெண்களின் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சார் அங்கேயே காலமானார். சின்னவள்தான் போனில் சொன்னாள், தத்தித் தத்தித் தமிழில். வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. முனியம்மாவும் இல்லை.

போன வாரம் அந்த ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஈர முந்தானையோடு நின்று பார்த்தேன். சாலையோர மரம் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குப்பம் இல்லை. பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதியை இடித்து நிலக்கரி கொட்டியிருக்கிறார்கள். சனங்கள் எந்தெந்த ஊர்க் குடியிருப்புகளுக்குப் போனார்களோ தெரியவில்லை. இனி காற்று கடலுக்கு அடித்தால் நடுவில் யாருமே கிடையாது. அப்பாடா என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு வாய் வரவில்லை.