இரண்டு மழைக்கு நடுவே வெயில்

ஓவீட் சித்தப்பா போன ஜூலையில் படகிலேயே மயங்கி விழுந்தார். தூண்டில் போட வந்த வாடிக்கையாளர்கள்தான் அவரைக் கிடத்தி, வழி தெரியாமல் சதுப்புக்குள் சுற்றி, ஒருவழியாகக் கோகோட்ரி துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் லூசியானாக் கரையில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கு அதைவிட அவமானம் கிடையாது. வெயில் பாதிக் காரணம். மீதி, அவர் முப்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த ரப்பர் மழையுடுப்பு. உள்ளுக்குள்ளேயே உடம்பு வெந்துவிட்டது, அடுத்த முறை பிழைப்பது சந்தேகம் என்றார் டாக்டர். வெர்னா சித்தி அதோடு விடவில்லை.

"இன்னொரு தடவை விழுந்தேன்னு கேட்டா படகை வித்துடுவேன் ஓவீட். நீ பொழச்சாலும் சரி, பொழைக்காட்டியும் சரி."

அந்தப் படகு இல்லாத சித்தப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடியாது.

வருடக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு நான் திரும்பியது இந்த வசந்தத்தில். வெப்ப நாடுகளின் மழையைப் பார்த்தவள் என்பதால் கோட்டு வாங்கும் வேலையைச் சித்தி என் தலையில் கட்டினாள். ஹூமாவில் இருக்கும் கடைக்கு அவரை இழுத்துப் போனேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கோட்டைச் சித்தப்பா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது கோட்டா, ரொட்டி சுத்துற காகிதமா?"

"உள்ள இருக்குற ஆவிய வெளிய விடும் அண்ணே. வெளிய இருக்குற தண்ணிய உள்ள விடாது."

"எங்க மாமியார் வீட்டுக் கதவுன்னு சொல்லு. போக விடும், வர விடாது."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்க் காற்றே ஈரத்துணி. வெளியே அவ்வளவு ஈரம் இருந்தால் எந்தத் துணியும் ஓரளவுக்குத்தான் மூச்சுவிடும். அதனால் காற்றுப் போக அக்குளில் ஜிப்பும், முதுகில் மடிப்புக்கு அடியில் வலையும் வைத்த கோட்டாகத் தேடினேன். வெயிலை இழுக்காத வெளிர் சாம்பல் நிறம். சுருட்டினால் சட்டைப் பைக்குள் அடங்கியது. அதே துணியில் கால்சட்டையும் எடுத்தேன், பூட்ஸோடு இழுத்து மாட்டுகிற மாதிரி. இதெல்லாம் சரியா, தப்பான சாமானை வாங்கி அவரைக் கொல்லப்போகிறேனா என்ற பயம் வீடு வரும்வரை விடவில்லை.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஜூன் கடைசியில் தோளெல்லாம் நனைந்து வந்தார்.

"ஒழுகுது உன் காகிதம்."

மறுநாள் விடிகாலை நானும் துறைக்குப் போனேன். வழக்கம்போல எல்லா வழிகாட்டிகளும் சிலுவை மாதிரி கையை விரித்து நிற்க, ஒருவருக்கொருவர் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை கொசு மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. சித்தப்பா பழைய ரப்பர் கால்சட்டையை மாட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் கோட்டு இருக்கைக்கு அடியில் கிடந்தது.

"நானும் வரேன் சித்தப்பா."

"வேவு பாக்க வெர்னா அனுப்பினாளா?"

"ஆமா."

"சரி, ஐஸ் பெட்டி மேல உக்காரு. உளவாளிக்கு அங்கதான் எடம்."

வாடிக்கையாளர்கள் லஃபாயெட்டிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர். பத்து மணிக்குத் தெற்கே கறுத்தது. சித்தப்பா கோட்டைத் தொடவில்லை. வாடிக்கையாளர் போடுவதற்கு முன் வழிகாட்டி மழைக்கோட்டு போட்டால், 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னது மாதிரி. அந்த இருவரோ மீன் கடிக்கிற வெறியில் நனைந்துகொண்டே நின்றார்கள். தம்பி நடுங்கிக்கொண்டு கோட்டை எடுத்த பிறகுதான் சித்தப்பா ரப்பர் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பூட்டினார்.

மழை சட்டென்று நின்றது. வெயில் அடித்தது. புல்லிலிருந்து ஆவி எழுந்தது. மேற்கே அடுத்த மேகம் நின்றதால் அவர் எதையும் கழற்றவில்லை.

"கழட்டுங்க சித்தப்பா."

"இப்ப கழட்டி இப்ப மாட்டவா? சும்மா இரும்மா."

கொஞ்ச நேரத்தில் அண்ணன்காரர் கேட்டார்: "கேப்டன், அடுத்து எங்க போறோம்?"

சித்தப்பா பதில் சொன்னார். பிரெஞ்சில். பிள்ளைப் பருவத்து வீட்டுப் பிரெஞ்சில், நிறுத்தாமல், மாடுகளை மேட்டுக்கு ஓட்ட வேண்டும் என்று. வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். எங்களிடம் மாடு இருந்ததே கிடையாது. அவர் முகம் சிவந்து, வேர்வை இல்லாமல் காய்ந்திருந்தது.

"சிரிக்காதீங்க, அவரைப் பிடிங்க!"

மூவருமாக ரப்பரை உரித்தோம். கால்சட்டையைக் கத்தியால் கிழித்தேன். ஐஸ் தண்ணீரைத் தலையிலும் அக்குளிலும் ஊற்றினோம். நிழலுக்காகச் சாம்பல் கோட்டை விரித்து அவர் மேல் பிடித்தேன். வெயில் அதன் வழியே வந்தபோதுதான் பார்த்தேன்: தோளிலும் பிடரியிலும் உட்புறம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. கொசு மருந்து நாறியது. மருந்து அதிகம் படாத அக்குள் பக்கம் மட்டும் புதிதாகவே இருந்தது. தினமும் விடிகாலையில் உடம்பெல்லாம் பீய்ச்சிக்கொண்ட அந்த மருந்துதான் கோட்டின் உட்பூச்சைத் தின்றிருக்கிறது.

"என்ன முறைக்கிற? படகை யார் ஓட்டுறா?" என்றார் சித்தப்பா, இங்கிலீஷில்.

"நான்தான் ஓட்டப்போறேன்," என்றேன். சுக்கானைப் பிடித்தேன்.

துறையில் வெர்னா சித்தி நின்றிருந்தாள். பக்கத்தில் ஆம்புலன்ஸ், வழியிலேயே போன் செய்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"விழுந்தியா?"

அவர் உட்கார்ந்தபடியே வந்திருந்தார். இல்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

"விழல. விழுற எடத்த எட்டிப் பாத்துட்டு வந்தேன்."

சித்தப்பா என்னிடம் கைபேசியை வாங்கி, மறுநாள் வாடிக்கையாளருக்குப் போட்டார். அவர் ஒரு நாளை ரத்து செய்து நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு வரல... மழையா? அதெல்லாம் இல்ல. கோட்டு இல்ல... ஆமா சார், கோட்டு. வாங்கினதும் நானே கூப்புடுறேன்."

பிறகு சித்தியைப் பார்த்தார்.

"இனிமே மழை தெரிஞ்சா நான்தான் முதல்ல மாட்டுவேன், வெயில் வந்தா முதல்ல கழட்டுவேன். வீட்டுக்குப் போறவன் போகட்டும்."

"படகைப் பத்தி ஆஸ்பத்திரியில பேசிக்கலாம்," என்றாள் சித்தி. "முதல்ல ஏறு."