பெட்டிக்குள் ஒரு கையெழுத்து

தாராவியில் கணேசபாண்டியனை எல்லோரும் எம்.பி. அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் எந்தச் சபையிலும் உட்கார்ந்தவர் இல்லை. சூட்கேஸ் தைக்கும் பட்டறையில் பகலெல்லாம் தோலும் ஊசியுமாகக் கிடப்பவர். வீரவநல்லூரிலிருந்து பதினேழு வயதில் ரயிலேறி வந்து, வேலை முடிந்த மாலைகளில் இங்கிலீஷ் எழுதப் படித்துக்கொண்டார். எழுத்து முத்து முத்தாக வந்தது. அதனால் வந்ததுதான் அந்தப் பட்டமும்.

தொகுதியின் எம்.பி. பாதி நாள் டெல்லியில் இருப்பார். சிபாரிசுக் கடிதத்துக்காக ஜனங்கள் அலைய வேண்டாமென்று, ஊருக்கு வரும்போதெல்லாம் தன் பெயர் அச்சடித்த தாள்களில் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு, பத்தும் பதினைந்துமாகப் பாண்டியனிடம் கொடுத்துவிட்டுப் போவார். மேலே எழுத வேண்டியதைப் பாண்டியன் எழுதுவார். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை, ரயில்வேயில் கலாசி வேலை. பத்து வருஷத்தில் ஒரு தாளைக்கூட அவர் தனக்கென்று எடுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1965 ஆகஸ்டில் முதல்முறையாக ஒன்றை ஒதுக்கினார். வடாலாவில் கட்டி முடித்த குடியிருப்பில் ஓர் அறை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார். பட்டியல் தயாராகும்போது கடிதத்தோடு போய் நிற்க வேண்டும். மழை பிடித்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்பு வரை ஏறும் குடிசையில் அவர் மனைவி பேராச்சி பதினாலு வருஷமாகச் சோறு பொங்குகிறாள். மற்ற தாள்கள் தீர்ந்த பின்னும் அந்த ஒன்று மட்டும் தகரப்பெட்டியில், அவளுடைய கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது.

செப்டம்பரில் எல்லையில் சண்டை வந்தது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதென்று உத்தரவு. மாட்டுங்காவில் ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஜன்னலே இல்லாத தாராவியில் வாசலில் கோணியைத் தொங்கவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை பொழுது சாய்ந்து சங்கு ஊதியதும், அடுத்த சந்தில் தோல் பதனிடும் கரீம் பாட்சாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊறப்போட்ட தோல் தொட்டிக்கு மேலே மிதந்துவிட்டதா என்று பார்க்க, அவர் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். எதிரி விமானத்துக்குச் சைகை காட்டினார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கரீமின் மனைவி நஸீரா வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நம்ம ஆளுதான்னு எம்.பி. ஒரு வரி எழுதிக் குடுத்தா விட்டுருவாராம், இன்ஸ்பெக்டரு சொல்லுதாரு. நீங்கதான் எழுதித் தரணும்."

பாண்டியனின் பார்வை தகரப்பெட்டிப் பக்கம் போய்த் திரும்பியது.

"தாளு தீந்துபோச்சேம்மா. சனிக்கிழம எம்.பி. வாராரு. மொத கடுதாசி உனக்குத்தான். நாலு நாளு பொறுத்துக்கோ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செரி அண்ணாச்சி. நீங்க சொன்னா செரிதான்."

அவள் போனதும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பெட்டியில கெடக்கது என்ன, அப்பளமா?"

"நீதானட்டி தண்ணிக்குள்ள நின்னு பொங்குதேன்னு பொலம்புத."

"பொலம்புனேன். அந்தப் புள்ளைகிட்ட பொய் சொல்லச் சொன்னனா?"

"நாலு நாளுல என்ன ஆயிரப் போகுது?"

வெள்ளிக்கிழமை காலை, டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. எம்.பி. முந்தின நாள் டெல்லியில் மாரடைப்பால் இறந்துவிட்டார். சபை எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டு, மறுபடி போரைப் பற்றிப் பேச உட்கார்ந்ததாம். பத்து வருஷம் பழகிய மனிதர். ஆனால் பாண்டியனுக்கு முதலில் நினைவு வந்தது அவர் முகம் இல்லை, அந்தத் தாள்தான்.

வீட்டுக்கு ஓடி, பெட்டியைத் திறந்து, கரீம் பாட்சாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதினார். எம்.பி. உயிரோடிருந்த தேதி வேண்டுமே என்று செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். மராத்திக்காரர்; அவருடைய ஹிந்தியில் கோபமே இல்லை. "இது செவ்வாய்க்கிழமைக் கடிதம். அன்றைக்கே ஏன் கொண்டுவரவில்லை? நானே அந்த ஆளைத் திட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நேற்று சாயங்காலம் கேஸ் காகிதம் மேலே போய்விட்டது. இன்றைக்கு இந்தக் கையெழுத்துக்கு ஆளே இல்லை." தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்த மாசமே சண்டை நின்றுவிட்டது. கரீம் மட்டும் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயிலில் இருந்தார். தொகுதிக்கு எம்.பி. இல்லை, போர் நேரம் என்று இடைத்தேர்தல் தள்ளிப்போனது. எங்கே போய்க் கேட்டாலும், புது மெம்பர் வரட்டும் என்றார்கள். வடாலா பட்டியல் தயாரான நாளில் பாண்டியன் பட்டறையை விட்டு எழுந்திருக்கவில்லை. பேராச்சி ஏன் என்று கேட்கவும் இல்லை.

நஸீரா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "வேலைய விட்டுட்டு ஸ்டேசனுக்கு ஓடுனாவ எங்க அண்ணாச்சி." ஜனவரியில் பெருநாள் வந்தபோது, புருஷன் ஜெயிலில் இருந்தும் சேமியாப் பாயசம் கொடுத்தனுப்பினாள். பாண்டியனுக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. பாண்டியன் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்துக் கட்சிக்காரர்கள், "அண்ணாச்சி, நிக்கறது நீங்களா அவரா?" என்று கிண்டல் செய்தார்கள். ஜெயித்தவர் பதவிப்பிரமாணம் எடுத்துவிட்டு வந்ததும், பழைய வழக்கப்படியே கையெழுத்துப் போட்ட தாள்கள் பத்தை நீட்டினார். பாண்டியன் கரீமுக்காக ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே ஆளக் கூட்டிட்டே வாறேன் சார். வீட்டுல வைக்க வேண்டாம்."

ஏப்ரலில் கரீம் வந்தார். சட்டை தோளில் தொங்கியது. வந்தவர் நேரே பாண்டியன் வாசலுக்குத்தான் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் பாண்டியன் தகரப்பெட்டியிலிருந்து பழைய தாளை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நஸீரா கேக்க வந்தன்னைக்கு இது இங்கதான் இருந்துச்சு பாய். இல்லன்னு சொல்லிட்டேன்."

கரீமுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அடியிலிருந்த கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பேராச்சி அடுப்பை ஊதுவதை நிறுத்தியிருந்தாள்.

"வடாலா ரூமுக்கா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"கெடச்சுதா?"

"போகல."

கரீம் தாளை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோணியை விலக்கியவர், திரும்பாமலே சொன்னார்:

"நஸீராட்ட சொல்லிராதீங்க. கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சிட்டிருக்கா. அவளுக்கு அதுவாவது கெடக்கட்டும்."

அடுத்த பெருநாளுக்கும் பாயசம் வந்தது. பாண்டியன் முழுக் கிண்ணத்தையும் குடித்தார்.