அம்மாவின் இரண்டாவது படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு செய்தி பரவ இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, காலையில் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் தோட்டத்து எழுத்தரான கிராணி நின்று சொல்வது. இன்னொன்று நான். இரண்டில் எது வேகம் என்று கேட்டால் கிராணியே என்னைத்தான் கைகாட்டுவார். ஒன்பது வயதிலேயே அப்படி ஒரு பெயர் எனக்கு. கடைசி லயத்து வரிசை வீட்டில் கோழி அடைகாத்தால் முதல் லயத்துக்குத் தகவல் போய்விடும். பக்கத்து வீட்டு மாமா புது மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்து, மாமியிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்தார். அந்தச் சிரமத்தை அவருக்கு நான் வைக்கவில்லை. "இது வாயில்ல, ஓட்டச் சட்டி" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அது பள்ளி விடுமுறைக் காலம். எக்ஸ்ரே லோரி வரப்போகிறது என்று கிராணி பெரட்டில் சொன்னார். வியாழக்கிழமை காலை தோட்டத்துக்கே வரும், இருமல் உள்ளவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் ஐசி அடையாள அட்டையோடு வந்து நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், காசநோய் இருந்தால் முற்றுவதற்குள் மருந்து கொடுத்துவிடலாம் என்றார். அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் நான் லயத்துக்கு ஓடி, வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கியது. அதற்கு முன் எங்கள் மேட்டுக்கு வந்த லோரிகள் உரமூட்டையோடு வரும், தேயிலையோடு போகும். மனிதருடைய நெஞ்சுக்குள்ளே பார்க்கும் லோரி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எலும்புதான் தெரியும், முகம் தெரியாது என்று கிராணி படித்துப் படித்துச் சொன்னார். கேட்டுத் தலையாட்டிய பெண்கள் புதன்கிழமையே தலைக்குக் குளித்தார்கள். படம் எடுக்கிறார்கள் என்றால் அழுக்குச் சட்டையோடு போய் நிற்க முடியுமா? ஒரு தாத்தா, மனைவியோடு சேர்ந்து ஒரே படமாக எடுத்துக் கொடுப்பார்களா என்று விசாரித்தார். இவ்வளவு உற்சாகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சிக்கல். கழுத்தில் தங்கம், வெள்ளி, ஊக்கு எதுவும் இருக்கக் கூடாதாம். அப்படியானால் தாலி? லயமே கொதித்துவிட்டது. புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறுங்கழுத்தோடு லோரியில் ஏறுவதா? கடைசியில் வழியையும் பெண்களே கண்டுபிடித்தார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு, தங்கத்தை அவிழ்த்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டுப் போவது. மஞ்சள் எக்ஸ்ரேயில் விழாது என்று கிராணி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டுச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் சோறு இறங்கியது.

லோரி வருவதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் என் சித்தி. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள், அம்மாவோடுதான் கொழுந்தெடுக்கப் போவாள். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டும் மாப்பிள்ளைக்கு அவளைப் பேசி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. தீபாவளியிலிருந்து சித்திக்கு இருமல். கேட்டால் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். எங்கள் ஊரில் எல்லாப் பழியையும் பனிமேல் போடலாம், அது மறுத்துப் பேசாது. கல்யாண ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று. நான் அதையும் தோட்டம் முழுக்கச் சொல்லி, சித்தி ஒல்லியாகி அழகாகிக்கொண்டு வருகிறாள் என்று பெருமையடித்திருந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மாவும் சித்தியும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். பலகைச் சுவரில் காதை ஒட்டவைத்தும் எனக்குச் சித்தியின் அழுகையும் இருமலும்தான் கேட்டன.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். தலையை வாரிக்கொண்டே, குனிந்து காதோடு சொன்னாள்.

"சித்தி படம் எடுக்க மாட்டேங்கிறா. டீபின்னு வந்துட்டா கல்யாணம் நின்னுருமாம். அவ ஐசிய எடுத்துக்கிட்டு நானே ரெண்டாந்தடவ ஏறப் போறேன். யார்கிட்டயும் சொல்லிராத. முக்கியமா அந்த லோரியில படம் எடுக்கிறவங்ககிட்ட சொல்லிராத."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரை வீட்டில் யாரும் என்னிடம் ஒரு ரகசியத்தையும் நம்பிச் சொன்னதில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள். இப்போது அம்மாவே, தானாகவே, என் காதில்! செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சொன்னேன். சாகும்வரை வேண்டாம், மத்தியானம்வரை தாங்கினாலே பெரிது என்று யாரும் அப்போது சிரிக்கவில்லை.

லோரி வந்தது. வெள்ளை லோரி, பக்கவாட்டில் ஒரு கதவு, கதவிலிருந்து இறங்கும் மடக்குப் படி. இன்ஜின் நின்ற பிறகும் உள்ளே ஏதோ உறுமிக்கொண்டே இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவள் ஓர் இளம்பெண். ஈப்போ பக்கமாம், தமிழ் பேசினாள். கனமான நீல அங்கியை மாட்டிக்கொண்டு அவள் படியில் வந்து நின்றபோது எனக்குத் துரைமார் எல்லாரும் சின்னவர்களாகிவிட்டார்கள். கீழே மேசையில் ஒரு மலாய் நர்ஸ் ஐசியை வாங்கிப் பெயர் எழுதிச் சீட்டுக் கொடுத்தார். கிராணி பக்கத்தில் நின்று ஆட்களை வரிசைப்படுத்தினார்.

முதல் ஆள் ஏறியதும் உள்ளேயிருந்து அந்த எக்ஸ்ரே அக்காவின் குரல் வந்தது. "தாரிக் நாபாஸ்... தஹான்." மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறாள். நானும் வெளியே நின்று இழுத்துப் பிடித்தேன். அடுத்த ஆளுக்கும் பிடித்தேன். வரிசை பாதி குறைவதற்குள் எனக்குத் தலை சுற்றியது, ஆனால் விடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் கிடையாது என்று சொல்லிவிட்டார்களே, இதுவாவது இருக்கட்டும்.

அம்மா தன் பெயருக்கு ஏறி இறங்கி வேலைக்காட்டுக்குப் போனாள். மத்தியானம் கிராணி சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துத் திரும்பி வந்தாள். சித்தியின் சிவப்பு ஸ்வெட்டர், தலையில் சித்தியின் துண்டு. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகவெட்டு. பெரட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு, கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றைக் கழற்றினாள். சித்திக்கு ஏது தாலி? அதைக் கண்ணில் ஒற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "கீழ வைக்காத" என்றாள். துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு போய் லோரியில் ஏறினாள். லோரிக்குள் இருந்து குரல் வந்தபோது நானும் மூச்சைப் பிடித்தேன். அந்த ஒரு மூச்சு மட்டும் எனக்கு விளையாட்டாக இல்லை.

இறங்கி வந்து கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டவள், என்னை வீட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்தேன். "நீ இங்கேயே நில்லு. லோரி பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு வேகமாக மேட்டில் ஏறிவிட்டாள்.

வரிசை தீர்ந்தது. அக்கா படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

"காலையிலேருந்து எல்லாருக்கும் நீயும் சேந்து மூச்சு புடிக்கிற. உனக்கும் படம் வேணுமா?"

"தர மாட்டாங்களாம்லா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அதைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். உள்ளே வந்து பார்க்கிறாயா என்றாள். நான் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் படிகள் என் காலுக்கடியில் அதிர்கின்றன. உள்ளே குளிர், ஒரு பலகை, ஒரு கம்ப்யூட்டர் திரை. என் அம்மா பெயரைக் கேட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் அம்மாவின் நெஞ்சு வந்து நின்றது.

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்படி நடப்பது அபூர்வம். விலா எலும்புகள் ஏணிப்படிபோல இரண்டு பக்கமும் இறங்கின. நடுவில் வெள்ளையாக இருந்ததைக் காட்டி, இது உன் அம்மாவின் இருதயம் என்றாள். நான் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். கழுத்துக்குக் கீழே இடது எலும்பில் ஒரு முண்டு இருந்தது. "இங்க பாத்தியா, எப்பவோ ஒடஞ்சு ஒட்டியிருக்கு" என்றாள் அக்கா. நான் துள்ளினேன். நான் பிறப்பதற்கு முன்னால் அம்மா கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்ட கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை இந்தத் திரையில் எழுதியிருக்கிறது! யாரும் சொல்லாமலே இந்த அக்காவுக்குத் தெரிந்துவிட்டது! என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அதிசயத்தை நான் பார்த்ததில்லை. பரபரப்பில் கேட்டேன்:

"அப்ப அந்த முண்டு ரெண்டாவது படத்துலயும் இருக்குமா?"

"எந்த ரெண்டாவது படம்?"

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன? அக்கா என்னையே பார்த்தாள். என் உள்ளங்கை மஞ்சளாக இருப்பதையும் பார்த்தாள். பிறகு மத்தியானம் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சித்தியின் பெயர் போட்ட படத்தில் நிறுத்தி, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் அதே முண்டு. இது யார் பெயர் என்று அவள் கேட்க, சித்தி என்று என் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. கனத்த அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க சித்தி எங்க இருக்காங்க, காட்டு" என்றாள். உடம்புக்கு முடியவில்லை என்று சித்தி அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள் எங்களைக் கண்டதும் எழுந்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"அங்க இருக்கிறது உங்க அக்காவோட நெஞ்சு. அதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் எக்ஸ்ரே அக்கா. "உங்களோடத யாரு பாக்கிறது?"

சித்தி அழுதாள், இருமினாள், மறுபடி அழுதாள். கடைசியில் எக்ஸ்ரே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து லோரியில் ஏறினாள். நான் வெளியே நின்றேன். "தாரிக் நாபாஸ்" என்று கேட்டது. சித்தியால் மூச்சைப் பிடிக்க முடியாமல் இருமல் வந்தது. மூன்றாவது தடவைதான் படம் விழுந்தது.

வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு திட்டு. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, காசநோய்தான் என்று உறுதி செய்தது அடுத்த வாரம். ஆனால் எனக்கு அன்று மத்தியானமே எல்லாம் முடிந்துபோயிற்று. என்னால் சித்தியின் கல்யாணம் நின்றது. அம்மா நம்பிக் கொடுத்த ஒரே ரகசியத்தை அரை நாள்கூட வைத்திருக்கத் தெரியவில்லை. அம்மா வேலை முடிந்து வருவது தெரிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வேலிக்குச்சி முறியும்வரை அடி விழும் என்று கணக்குப் போட்டு, இரண்டு ஸ்வெட்டர் மாட்டியிருந்தேன்.

அம்மா வந்து என்னை இழுத்தாள். அடிக்கவில்லை. மஞ்சள் ஒட்டிய என் கையைத் தொட்டித் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். உள்ளே கூட்டிப்போய், ஒரு முட்டையை உடைத்து எண்ணெய் தாராளமாக விட்டுப் பொரித்து, சோற்றின்மேல் வைத்துக் கொடுத்தாள். அது அப்பாவுக்கு வைத்திருந்த முட்டை. நான் தேம்பிக்கொண்டே தின்றேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

சித்தி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. தினமும் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் நர்ஸ் முன்னால் மாத்திரை விழுங்கினாள். அப்பாவும் அம்மாவும் திரிங்காப்புக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கியது உண்மை. மாப்பிள்ளை மட்டும் அடுத்த ஞாயிறு ஒரு கூடை கோஸோடு வந்து இறங்கினார். "ஆறு மாசந்தானே. என் லோரி வொர்க்‌ஷாப்புல அதவிட அதிக நாள் கெடந்திருக்கு" என்றார். ஆவணியில் கல்யாணம். இரண்டு முறை பிடித்த ரவிக்கையை மூன்று முறை பிரித்துவிட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் பரப்பினேன்.

இப்போது அப்படியொரு லோரியில் கனத்த அங்கி போட்டுக்கொண்டு நிற்பது நான். கோலா தெர்லா தோட்டக்காடுகளில் வரிசை நிற்கும்போது இன்றும் என்னை அறியாமல் ஒவ்வொருவரோடும் மூச்சைப் பிடிக்கிறேன். எத்தனை நெஞ்சைப் பார்த்தாலும் முதல் படத்தின் பரவசம் குறையவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்காமலே இருந்தது. போன விடுமுறையில் அம்மா பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தபோது கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னை அடிக்கவில்லை என்று.

அம்மா நிமிரவில்லை.

"யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சூடத்த அணைச்சு சத்தியம் வாங்கிட்டா உன் சித்தி. நான் எப்படி போய்ச் சொல்றது? அதான் உன்கிட்ட மட்டும் சொன்னேன்."

மன்னிப்பு என்று நினைத்து நான் அழுதுகொண்டே தின்ற அந்த முட்டை, என் முதல் கூலி.