சமையலறையில் அக்காவின் குரல்

சமையலறையில் யாரோ டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

சின்னவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டம்ளரை மேசைமேல் வைத்தது அவள்தான். சத்தம் மட்டும் ஒரு கணம் பிந்தி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"இப்ப அவதானே?" என்றார், அவள் சுவர்ப்பக்கம் திரும்பியதைப் பார்த்து, எதிரே இருந்த அத்தான். இறந்துபோன அக்காவின் கணவர்.

"இல்ல அத்தான். நான் டம்ளர வச்சேன்."

ஓட்டல் சலவைக்கூடத்தில் அக்காவும் தங்கையும் வருஷக்கணக்கில் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள். அங்கே அவர்கள் பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். குரலும் ஒன்றே. "ஒரே தொண்டைய மாத்தி மாத்தி மாட்டிக்கறீங்களா?" என்பார் மேஸ்திரி.

அக்கா போனபின் சின்னவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூளையைத் தொட்டுவிட்டுத்தான் போனது. அன்றிலிருந்து அவள் எழுப்பும் சத்தமெல்லாம் அவளுக்கு மட்டும் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது; பேசினால் அக்கா பேசுவதாகவே கேட்கிறது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மூளையில ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளம் இருக்கும்மா. தாளம் சேர்ந்தாத்தான் ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் போய்ச் சேரும். வாய் திறக்கறதுக்கு முன்னாடியே 'இது நம்ம சத்தம்'னு கேக்கற பகுதிக்குச் சேதி போகணும். உங்களுக்கு அது பிந்திப் போகுது. அதான் உங்க குரலே வேற யாரோ மாதிரி கேக்குது."

சின்னவளுக்கு விளங்கியது. ஒருத்தி விரிப்பை நீட்டும்போது மற்றவள் கை தயாராக இருக்க வேண்டும். இமைப்பொழுது தப்பினால் துணி தரையில்.

மாத்திரை போட்டால் தாளம் சேரலாம். போடாவிட்டால் வலிப்பு வரலாம். ஆனாலும் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடந்தது, அத்தானுக்காக.

அக்கா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது அவரைத்தான். முந்தின நாள் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு மனிதர் வீட்டிலேயே இருந்துவிட்டார். கல்லுக்குள்ளும் ஈரம் உண்டு என்பார்கள். அவருக்கு அது ஒரு நாள் பிந்திச் சுரந்தது.

"ஒரே ஒரு தடவ கேட்டுச் சொல்லு. என்னை மன்னிச்சுட்டாளான்னு. அப்புறம் மாத்திரை போட்டுக்க."

"அது என் குரல்தான் அத்தான். டாக்டரம்மாவே சொன்னாங்க."

"டாக்டருக்கு உங்க அக்காவத் தெரியுமா? செத்துட்டா மட்டும் வாய மூடிட்டு இருக்கற ஆளா அவ?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து ஓய்ந்த பிறகும் சமையலறையில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் சுவரைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, இவர மன்னிச்சுட்டியா?"

அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அக்கா, இவர மன்னிச்சுட்டியா?"

அங்கே பதில் சொல்ல யாருமில்லை. கேள்வி அவளிடமே திரும்பி வந்து நின்றது.

"என்ன சொன்னா?" அத்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

ஒரு பொய் போதும், அவர் தூங்கிவிடுவார். சின்னவளுக்கு வாய் வரவில்லை.

"அவ ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருந்தவ நான். நான் மன்னிச்சுட்டேன்."

சொல்லி முடித்தாள். ஒரு கணம் கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம், அக்கா நிதானமாகச் சொன்னாள்: நான் மன்னிச்சுட்டேன்.

சின்னவளின் முகம் மாறியதை அத்தான் பார்த்தார். "என்ன கேட்டுச்சு?"

"நான் சொன்னதுதான். அவ குரல்ல."

அத்தான் தாமே மாத்திரை அட்டையைப் பிரித்து, ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்குவதை, இரண்டாம் முறை வழியனுப்புகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பப் பார்த்துக்க. வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, சின்னவள் கதவைச் சாத்தினாள்.