என் கை எட்டாத இடம்

போன ஷஃபான் மாதத்தில் என்னால் சுஜூது செய்ய முடியாமல் போனது, சகோதரிகளே. நெற்றியைத் தரையில் வைத்தால் கழுத்திலிருந்து வலக்கைப் பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுக்கும். நாற்பதுகூட ஆகாத வயதில் கதிரையில் உட்கார்ந்து தொழுதேன்.

நான் பல் வைத்தியர். புத்தளம் களப்புக்கு மேற்கே, கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. கடைவாய்ப் பல்லைப் பார்க்கக் கழுத்தை ஒரு பக்கம் சரித்து, கையை உயர்த்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். வெளியே வரிசை நீளம். நிமிர நேரம் இருக்காது. வருஷக்கணக்காக அப்படிக் குனிந்து குனிந்து வந்த வலி அது.

கணவர் கட்டாரில். பிள்ளைகள் இல்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். குவாட்டர்ஸில் தனியே இருந்தேன். வலிக்கிற இடம் தோள்பட்டைகளுக்கு நடுவே. அங்கே என் கை எட்டாது. தைலப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். தேய்த்துவிட ஒரு ஆள் இல்லையே என்பதுதான் வலியை விட அழவைத்தது. கணவர் அழைக்கும்போதெல்லாம் சுகம் என்றே சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் மறைத்தேன். கை சரியில்லாத டொக்டரிடம் யார் வாயைத் திறப்பார்கள்?

ஒரு நாள் மாம்புரி மீனவர் ஒருவருக்குப் பல் பிடுங்கும்போது விரல்கள் மரத்து, குறடு நழுவி அவர் மார்பில் விரித்திருந்த துணியில் விழுந்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடக்கையால் வலக்கையைத் தாங்கி வேலையை முடித்தேன். அவர் கோபப்படவில்லை. வாயில் பஞ்சோடு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்று அஸர் தொழுதுவிட்டுக் கதிரையிலேயே கையேந்தினேன். “யா அல்லாஹ், இந்தக் கையை எடுத்துடாதே. எடுக்கிறதா இருந்தா, என்னைத் தனியா விட்டுடாதே.”

நோன்பு வந்தது. பெண்கள் சேர்ந்து இரவில் தராவீஹ் தொழுகைக்குப் போனார்கள். கதிரையில் இருப்பதைக் கண்டு ஏன் என்று கேட்பார்களே என்று நான் போகவில்லை. துஆவை மட்டும் விடவில்லை. பதில் வந்ததாகத் தெரியவில்லை.

பெருநாள் கழிந்து, சிலாபத்திலிருந்து பல் வைத்தியரான ஒரு சிங்களப் பெண் டொக்டர் மாற்றலாகி வந்தார். என்னை விட மூத்தவர். ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே அறை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தால், அவர் தரையில் பாய் விரித்து, சுருட்டிய துவாயைக் கழுத்துக்கடியில் வைத்து மல்லாந்து படுத்திருக்கிறார். நான் திகைத்து நின்றேன். அவர் எழும்பவில்லை.

“கதவைச் சாத்துங்க நங்கி. பக்கத்துல இடம் இருக்கு” என்றார். தங்கை என்று என்னை அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு தெரிந்த தமிழில் சொன்னார்: “எனக்குக் கழுத்து. உங்களுக்குத் தோளும் கையும். வந்த அன்றைக்கே கண்டேன்.”

பக்கத்தில் படுத்தேன். கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

சிலாபத்தில் தன்னைப் பார்த்த வைத்தியரிடம் அவரே என்னைக் கூட்டிப் போனார். கழுத்தில் நரம்பு நெரிபட்டிருக்கிறது, இப்போதே கவனித்தால் ஒப்பரேஷன் தேவைப்படாது என்றார் வைத்தியர். நான் ஓய்வில் இருந்தபோது என் நோயாளிகளையும் அந்தச் சிங்கள டொக்டரே பார்த்தார். தேகப்பயிற்சி பழகினேன். நோயாளியை நன்றாகச் சாய்த்துவிட்டு, நேராக இருந்து வேலை செய்யவும், இடையிடையே எழும்பவும் பழகினேன். முதுகில் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான். கணவருக்கும் உண்மையைச் சொன்னேன். “எனக்கு ஏன் சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையில் பெண்களோடு வரிசையில் நின்று தரையில் நெற்றி வைத்தேன். அல்ஹம்துலில்லாஹ், எழும்ப மனம் வரவில்லை.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது அதை மறைப்பதில்லை. நான் கைக்காக அழுதேன், அல்லாஹ் முதலில் ஒரு ஆளைத் தந்தான். தனியே நோவைச் சுமக்கிற சகோதரி யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவனிடம் கேளுங்கள். யாரை அனுப்புவான் என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.