பேசினால் வலிக்காது

அந்த டாக்டரம்மாவின் கிளினிக்கில் பெண்கள் கூட்டம் அலைமோதியதற்குக் காரணம் டாக்டர் இல்லை, நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரி, பேச்சில் பாதி மலையாளம். உள்ளே வைத்துப் பார்க்கும் கருவியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கித்தான் டாக்டரிடம் கொடுப்பாள். முழங்கால்வரை போர்வையை இழுத்துவிட்டு, நம் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"மோளே, பேடிக்காதே. இன்னைக்கு என்ன கறி வெச்சே? பேசிட்டே இரு, வலி தெரியாது."

உண்மைதான், தெரியவில்லை. வலியசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்டதில்லை. டாக்டர் கை கழுவப் போன பிறகும் என் வாய் நிற்கவில்லை. பி.எட். முடியும்வரை குழந்தை வேண்டாமென்று மாத்திரை சாப்பிடுவதையும், அதை வெந்தய டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருப்பதையும் உளறிவிட்டேன். ஏன் இன்னும் உண்டாகவில்லை என்று என்னை அங்கே இழுத்து வந்த மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தார்.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்கோ, சேச்சி."

"நான் ஆருகிட்ட பறையப் போறேன்?"

புடவையைச் சரிசெய்துகொண்டு நான் வெளியே வந்தபோது அவள் மாமியாரின் காதருகே குனிந்து நின்றாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் கால்கூட அலம்பாமல் நேரே அடுக்களைக்குப் போனார். தரையெல்லாம் வெந்தயம்.

"வம்சத்தையே வெந்தயத்துல பொதச்சு வெச்சிருக்கியேடி!"

மாமியார் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. என் பக்கம் நிற்பதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இவளோ கையைப் பிடித்துக்கொண்டே கழுத்தை அறுத்தாள். பாவி.

பரீட்சை வந்தபோது நான் மசக்கையில் கிடந்தேன். எழுதவில்லை.

மறுபடி அதே கட்டில், அதே வெந்நீர். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். உடம்பு விறைத்து, வலியில் உயிர் போயிற்று. "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்று டாக்டர் அதட்டினார். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எந்தா மோளே, மிண்டாம கிடக்கே? பேசு. இன்னைக்கு என்ன கறி?"

"வெந்தயக் குழம்பு" என்றேன்.

அவள் கை மெல்ல விலகியது. மீண்டும் வலித்தபோது, வெட்கங்கெட்ட என் கை அதைத்தான் தேடியது.